பதினோரு அடி ராஜ்யம்

2024-ம் வருஷம் தீபாவளிக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு பெரிய சர்ச்சை நடந்தது. கல்யாணப் பேச்சு அல்ல. சொத்துத் தகராறும் அல்ல. வருகிற டிசம்பரோடு ஒருவருக்குப் பதினைந்து வயது பூர்த்தியாகிறது, அவரை வீட்டை விட்டு அனுப்பிவிடுவதா, அல்லது வைத்துக் கொள்வதா என்பதுதான் கேள்வி.

"ஐயையோ! பதினைந்து வயதுக் குழந்தையையா?" என்று பதறாதீர்கள், சகோதரிகளே! நான் சொல்வது எங்கள் வீட்டு மோட்டார் காரை.

மோட்டார் கார் என்றதும் நீங்கள் பாட்டுக்கு, சினிமாவில் கதாநாயகன் வந்து இறங்குவானே, அந்த மாதிரி நீளமான வண்டி ஒன்றைக் கற்பனை செய்து கொள்ள வேண்டாம். எங்களுடையது மாருதி 800. நீளம் 3,335 மில்லிமீட்டர். பாட்டி காலத்துக் கணக்கில் சொன்னால் பதினோரு அடி. அகலம் ஐந்தடிக்கும் குறைவு. எடை சுமார் 650 கிலோ. எதிர் வீட்டு மாமா அதற்குத் 'தீப்பெட்டி' என்று நாமகரணம் செய்திருந்தார். "தீப்பெட்டியை வெளியே எடுத்தாச்சா?" என்று காலையில் அவர் கேட்காவிட்டால், அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

பதினைந்து வயதில் அப்படி என்ன ஆபத்து என்கிறீர்களா? சொந்த உபயோகக் கார்களுக்குப் பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டு போய்க் காட்ட வேண்டும். ஓடத் தகுதியானது என்று அவர்கள் ஒப்புக் கொண்டால் இன்னும் ஐந்து வருஷம் ஆயுள் நீடிக்கும். இதற்கான கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் அது 5,000 ரூபாய் ஆயிற்று. இதற்கு மேல் பசுமை வரி, டிங்கரிங், பெயிண்ட், மெக்கானிக் கூலி என்று ஒரு நீண்ட பட்டியல்.

பெங்களூரில் இருக்கும் அண்ணா டெலிபோனில் அடித்துச் சொல்லிவிட்டார். "வண்டியை விற்றால் கிடைக்கிற பணத்தைவிட அதைப் புதுப்பிக்க ஆகிற பணம் அதிகம். அப்பாவும் இனிமேல் ஓட்டப் போவதில்லை. போனைத் தட்டினால் வாசலில் டாக்ஸி வந்து நிற்கிறது. இன்ஷூரன்ஸ் கிடையாது, பெட்ரோல் கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்!"

கல்லூரியில் பொருளாதாரம் படித்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. ஆகையால் காகிதத்தையும் பென்ஸிலையும் எடுத்துக் கொண்டு கணக்குப் போட்டேன். சங்கடம் என்னவென்றால், அண்ணா சொன்னதுதான் சரி. ஆபீஸுக்கு நான் மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித்தான் போகிறேன். காரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடுத்தால் அதிகம். கணக்கில் கார் தோற்றது, டாக்ஸி ஜெயித்தது.

அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். "இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பேச்சைக் கேட்டுக் கொண்டிருந்தவர், கண்ணுக்கு மருந்து விடும் நேரம் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். மருந்து விடும் நேரத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது.

அம்மா மட்டும், "தீபாவளி போகட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்றாள். எங்கள் அம்மா ஒரு விஷயத்தைப் பண்டிகைக்கு அப்பால் தள்ளிப் போட்டாள் என்றால், அதைப் பற்றி அவளுக்குத் திடமான ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்று பொருள்.

அந்த அபிப்பிராயம் என்ன என்று சொல்வதற்கு முன், தீப்பெட்டியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள்.

நம் நாட்டில் கார் என்றால் அம்பாஸடர், இல்லாவிட்டால் பியட் என்று ஒரு காலம் இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் 1983 டிசம்பர் 14-ம் தேதி, பிரதமர் இந்திரா காந்தி டில்லியில் முதல் மாருதி 800-ன் சாவியை, குலுக்கலில் பெயர் விழுந்த ஒருவரிடம் கொடுத்தார். விலை 50,000 ரூபாயை ஒட்டி இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரும் பாங்கி குமாஸ்தாவும் காரைப் பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்பதற்குள் நம் தேசத்தில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றது. சென்னை போன்ற நகரங்களில் புதிய புகை விதிகள் வந்த 2010-லேயே விற்பனை நின்றுவிட்டது. அப்பா பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கி 2009 டிசம்பரில் எடுத்த எங்கள் வண்டி, ஆகவே, சென்னையில் விற்ற கடைசிக் குழந்தைகளில் ஒன்று.

"பதினோரு அடிக்குள் நாலு பேர் எப்படி உட்காருவது?" என்று கேட்பீர்கள். அதற்கு வழி காட்டியவர் இங்கிலாந்தில் இருந்த அலெக் இஸிகோனிஸ் என்கிற இஞ்சினீயர். 1956-ல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்து, அங்கே பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். குறைந்த பெட்ரோலில் ஓடும் சிறு கார் ஒன்றைச் செய் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் இஞ்சினை நீளவாட்டில் வைக்காமல் குறுக்கு வாட்டில் திருப்பி வைத்தார். அதன் சக்தியை முன் சக்கரங்களுக்கே கொடுத்தார். சக்கரங்களை நாலு மூலைக்கும் தள்ளினார். 1959-ல் மினி கார் பிறந்தது. பத்தடி வண்டியில் நாலு பேர் சௌகரியமாக உட்கார்ந்தார்கள். சின்னச் சமையலறையில் அடுப்பைச் சுவரோரம் திருப்பிப் போட்டு, நடுவில் நடமாட இடம் பண்ணிக் கொள்கிறோமே, அதே யுக்திதான்! மாருதி 800-லும் இஞ்சின் குறுக்காகத்தான் இருக்கிறது.

இந்தப் பதினோரு அடியின் அருமை, மேற்கு மாம்பலத்தில் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் தெருவில் ஒரு பக்கம் இரு சக்கர வண்டிகள், மறு பக்கம் பூக்காரி, நடுவில் பசு மாடு. இதில் மிஞ்சிய இடத்தில் ஆட்டோ போகும். ஆட்டோ போகிற இடத்தில் எங்கள் வண்டியும் போகும். இரண்டுக்கும் அகலத்தில் ஒரு சாண்கூட வித்தியாசமில்லை. எதிர் வீட்டு மாமா 2019-ல் ஒரு பெரிய கார் வாங்கினார். கப்பல் மாதிரி இருந்தது. கப்பல் மாதிரியே அதற்குத் துறைமுகமும் தேவைப்பட்டது. இரண்டு தெரு தள்ளி, மாத வாடகைக்கு ஓர் இடம் பிடித்து நிறுத்தினார். ஒரு நாள் நல்ல மழை. மாமா எங்கள் வீட்டு வாசலில் குடையுடன் நின்று, "அம்மா, என்னை என் கார் வரைக்கும் உன் காரில் கொண்டு விடுகிறாயா?" என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் அவர் தீப்பெட்டி என்று சொல்லவில்லை.

எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அப்பா. 2012-ல், எனக்கு இருபத்து நாலு வயது. கிளட்சைப் பற்றி அவர் சொன்ன விளக்கத்தை இன்றுவரை எந்தப் பயிற்சிப் பள்ளியும் மிஞ்சவில்லை என்பது என் எண்ணம். "இரண்டு தட்டு இருக்கிறது. ஒன்று இஞ்சினோடு சுற்றுகிறது. இன்னொன்று சக்கரத்தைச் சேர்ந்தது. பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் சேரும். சட்டென்று விட்டாயோ, முட்டிக் கொண்டு இஞ்சின் நின்றுவிடும். புது நாட்டுப்பெண்ணையும் மாமியாரையும் பழக்குகிற மாதிரி மெள்ள மெள்ளச் சேர்த்து வை!" என்றார். பின் ஸீட்டில் இருந்த அம்மா, "உங்கள் அம்மாவையும் என்னையும் அப்படித்தான் சேர்த்து வைத்தீர்களாக்கும்!" என்றாள். அப்பா உடனே கண்ணாடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நாலாம் நாள் துரைசாமி சுரங்கப்பாதை. இறங்குவது சுலபமாக இருந்தது. தியாகராய நகர்ப் பக்கம் ஏறுகிற மேட்டில், முன்னால் போன வண்டி நின்றது; நானும் நின்றேன். மறுபடி கிளம்பும்போது இஞ்சின் அணைந்து போயிற்று. வண்டி பின்னால் ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் இருந்த அத்தனை பேரும் ஹாரனை அமுக்கினார்கள். எனக்குக் கையெல்லாம் வேர்த்துவிட்டது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடுங்கவில்லை. "ஹேண்ட் பிரேக்கை இழு. கிளட்சை மெதுவாக விடு. வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அப்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்கு. அவசரமே இல்லை. ஹாரன் அடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் இதே இடத்தில் நின்றவர்கள்தான்" என்றார்.

மூக்கு தூக்கியது. வண்டி மேடேறியது. மேலே வந்ததும் தியாகராய நகர் வெயில் முகத்தில் அடித்ததே, அந்த நிமிஷத்தை என் பி.ஏ. பட்டத்துக்குக்கூட நான் மாற்றிக் கொள்ள மாட்டேன்!

அதற்கப்புறம் எத்தனையோ சின்னச் சின்னச் சந்தோஷங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெங்கட்நாராயணா சாலை வழியாக நந்தனம், கோட்டூர்புரம் பாலம், அடையாறு என்று போய், பெசன்ட் நகர்க் கடற்கரையில் சூரியோதயம் பார்த்துவிட்டு, இட்லிக்குச் சட்னி அரைக்கிற நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். நனையாமல் கல்யாணத்துக்குப் போய்ச் சேரலாம். காய்கறிப் பையை இடுப்பில் இடுக்காமல் பின் ஸீட்டில் உட்கார வைக்கலாம். இன்னொன்றும் உண்டு. வீட்டில் முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததை, இருவரும் ரோட்டைப் பார்த்துக் கொண்டு போகும்போது சொல்லிவிட முடிகிறது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மழைக் காலம். இரவு ஒன்றரை மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. நங்கநல்லூரிலிருந்து பெரியப்பா. பெரியம்மாவுக்கு மார் வலி. 108 ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார். அவருக்கு எண்பது வயது. பிள்ளை அமெரிக்காவில்.

நான் அண்ணாவின் உபதேசப்படி போனைத் தட்டினேன். அதில் ஒரு சக்கரம் சுற்றியது. 'தேடுகிறோம்' என்றது. ஒரு டிரைவர் ஒப்புக் கொண்டார். அடுத்த நிமிஷம் ரத்து செய்துவிட்டார். இன்னொருவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மழையில் அவர்களும் வீடு வாசல் உள்ள மனிதர்கள்தானே? மறுபடியும் சக்கரம் சுற்றியது.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா புடைவை மாற்றிக் கொண்டு, பிளாஸ்க்கில் வெந்நீருடன் தயாராக நின்றாள். என் போனை அவள் பார்க்கவில்லை. சுவரில் கார்ச் சாவி தொங்குகிற ஆணியைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மாவை உள்ளே கொண்டு போகுமுன் அம்மா அவள் கையைப் பிடித்துக் கொண்டு, "அக்கா, நான் வந்துவிட்டேன்" என்றாள். அவ்வளவுதான். பெரியம்மா பிழைத்துக் கொண்டாள். அதற்கு 108 ஆம்புலன்ஸும் டாக்டர்களும் காரணமே தவிர, எங்கள் கார் காரணமல்ல. பொய்ப் பெருமை எதற்கு?

விடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்து கொண்டிருந்தோம். கத்திப்பாரா தாண்டியதும் அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"1990-ல் உன் தாத்தாவுக்கு முடியவில்லை என்று காஞ்சிபுரத்திலிருந்து தகவல் வந்தது. ராத்திரி எட்டு மணி. உன் அப்பா டூரில் இருந்தார். உனக்கு இரண்டு வயது, உன் அண்ணாவுக்கு ஐந்து. 'ராத்திரியில் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு தனியாகப் போக வேண்டாம், காலையில் உன் மைத்துனர் வந்து அழைத்துப் போவார்' என்றார்கள். காலையில் அவருக்கு ஆபீஸில் ஏதோ வேலை. மத்தியானம்தான் வந்தார். எழுபத்தைந்து கிலோமீட்டர். நான் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது. முகம்கூடப் பார்க்கவில்லை."

முப்பத்து நாலு வருஷமாக இதை அவள் எங்களிடம் சொன்னதில்லை. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் கியரை மாற்றினேன்.

"யார் மேலும் தப்பில்லை" என்றாள் அம்மா. "எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் என் வயசு பூராவும், யாராவது 'கிளம்பு' என்றால்தான் நான் கிளம்பினேன். நேற்று ராத்திரி நானாகக் கிளம்பினேன். வண்டி இருக்கட்டும்."

சகோதரிகளே, அண்ணாவின் கணக்கிலும் என் கணக்கிலும் விட்டுப் போன வரி இதுதான். கார் வைத்திருப்பதன் சந்தோஷம் வேகத்திலும் இல்லை, அந்தஸ்திலும் இல்லை. ஒருவர் 'சரி' என்று சொல்வதற்காகக் காத்திராமல், செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்புவதில் இருக்கிறது. அதற்குக் கப்பல் வேண்டாம். பதினோரு அடி போதும். அவரவர் தெருவில் நுழைகிற, அவரவர் கைக்கு அடங்குகிற வண்டியாக இருந்தால் சரி.

அண்ணாவிடம் அம்மாவே டெலிபோனில் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. ஆனால் மறுநாள் பெயிண்ட் செலவுக்கு அண்ணாவிடமிருந்து பணம் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் சோதித்தார். அடிச்சட்டத்து நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்ஸிலால் தேய்த்து எடுத்தார்கள். ஐந்து வருஷம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. பழைய பனியன் துணியை எடுத்துக் கொண்டு போய், கண் தெரிந்த மட்டும் முன் கண்ணாடியைத் துடைத்தார்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்கு மேற்படாத, 1,200 ஸி.ஸி.க்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டுக் கேட்டையும் தெருவையும் அளந்து கொண்டு போங்கள். ஸீட்டில் உட்கார்ந்து கிளட்ச் அடிவரை எட்டுகிறதா என்று பாருங்கள். மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் பத்து அங்குலம் இடைவெளி இருக்கட்டும். எங்கள் வண்டி மாதிரிப் பழைய சிறு கார்களில் ஏர்பேக் கிடையாது. ஆகையால் நாங்கள் ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறோம். நெடுஞ்சாலைக்கு ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன.

கதை இத்துடன் முடியவில்லை. போன மாதம் அம்மா ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினாள். டாக்டர் சர்டிபிகேட். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பழகுநர் லைசென்ஸ் கேட்டால் அது வேண்டும். "என்னம்மா இது?" என்றேன். "சாவி ஆணியில்தானே தொங்குகிறது? எனக்கும் எட்டும்" என்றாள். சாலைச் சின்னங்களை அப்பா ஒரு வாரம் வாயால் சொல்லிக் கொடுத்தார். பரீட்சையில் அம்மா தேறிவிட்டாள். ஸீட்டில் உட்கார்ந்தால் கிளட்ச் எட்டவில்லை. முதுகுக்கு ஒரு தலையணை வைத்திருக்கிறோம்.

ஆகவே, மேற்கு மாம்பலத்தில் விடியற்காலை வேளையில், சிவப்பு 'எல்' ஒட்டிய ஒரு சின்ன வெள்ளைக் கார் உங்களுக்கு முன்னால் மெள்ள ஊர்ந்தால், தயவு செய்து ஹாரன் அடிக்காதீர்கள். உள்ளே எங்கள் அம்மா இருக்கிறாள். சுரங்கப்பாதை மேட்டில் கொஞ்சம் தாமதமாகும், வந்துவிடுவாள்.